கிழக்கு ஜெர்மனியின் பேனல் வீடுகள்: மூடும் முன் திறந்து பார்க்க வேண்டியவை

வெளிச்சுவரில் ஒரு கோர், அதாவது உருளைத் துண்டு, எடுத்துப் பார்த்தால், தொழிற்சாலையில் வார்த்த கான்கிரீட் பேனல்களைப் பொருத்திக் கட்டிய இந்தக் கட்டடத்தின் ஜாதகமே கைக்கு வந்துவிடும். வெளிப்புறம் 6 செ.மீ. கான்கிரீட். நடுவில் 5 செ.மீ. தெர்மோகோல் அல்லது கனிமக் கம்பளி. உட்புறம் பாரம் தாங்கும் 15 செ.மீ. கான்கிரீட். மொத்தம் 26 செ.மீ. கிழக்கு ஜெர்மனி முழுவதும் லட்சக்கணக்கான வீடுகளுக்கு வெளிச்சுவர் இதுதான். வடக்கே ரோஸ்டாக்கில் வேலை கற்ற ஒருவர் தெற்கே டிரெஸ்டனுக்குப் போனாலும் அதே சுவர், அதே மூட்டு, அதே குளியலறை. இங்கே சரியாகச் செய்த வேலையை அங்கேயும் அப்படியே செய்யலாம். செய்த தப்பும் அப்படியே ஊர் ஊராகப் பரவும். இரு ஜெர்மனிகளும் இணைந்த 1990-க்குப் பிந்தைய சீரமைப்பு வேலைகளில் இரண்டுமே நடந்தன.

இந்த வீடுகள் எங்கிருந்து வந்தன என்று தெரியாமல் இவற்றில் கை வைக்கக் கூடாது. பழுது எங்கே ஒளிந்திருக்கும் என்பதை வரலாறுதான் காட்டும்.

சோசலிச ஐக்கியக் கட்சியின் ஆட்சி முதலில் கட்டியது அரண்மனை போன்ற வீடுகளை. பெர்லினின் ஸ்டாலின் சாலையில் பீங்கான் ஓடு பதித்த முகப்புகளும் தூண்களுமாக எழுந்தன. 1953 ஜூன் 16 அன்று அந்தச் சாலையின் கட்டடத் தொழிலாளர்கள்தான் வேலை அளவு உயர்வை எதிர்த்துக் கருவிகளைக் கீழே வைத்தார்கள். மறுநாள் நாடே எழுந்தது. சோவியத் டாங்கிகள் வந்து அதை அடக்கின. 1954 டிசம்பரில் சோவியத் தலைவர் குருஷேவ் மாஸ்கோவில் அலங்காரக் கட்டடக் கலையைச் சாடி, தொழிற்சாலையில் வார்த்து வந்து பொருத்தும் முறைக்குப் போகச் சொன்னார். 1955 ஏப்ரலில் கிழக்கு ஜெர்மனி தன் கட்டுமான மாநாட்டைக் கூட்டி, ‘மேலாக, வேகமாக, மலிவாக’ என்று முழக்கம் வைத்தது. 1957-இல் ஹோயர்ஸ்வெர்டாவில் பெரிய பேனல்களால் ஒரு நகரமே எழத் தொடங்கியது. 1962-இல் பெர்லினில் பி2 என்ற பேனல் கட்டட வகை சோதித்துப் பார்க்கப்பட்டது. 1964-இல் புனா, லாய்னா ரசாயன ஆலைத் தொழிலாளர்களுக்காக ஹாலே நகரின் எதிரே ஹாலே நாய்ஷ்டட் தொடங்கியது. ரிச்சர்ட் பாவ்லிக் அதன் தலைமைக் கட்டடக் கலைஞர். அங்கே ‘பிளாக் 10’ என்ற ஒரே கட்டடம் 380 மீட்டர் நீளம்.

எரிக் ஹோனெக்கர் கட்சித் தலைமைக்கு வந்த பிறகு வேகம் கூடியது. 1990-க்குள் வீட்டுப் பிரச்சினையை ஒரு சமூகப் பிரச்சினை என்ற அளவில் தீர்த்துவிடுவது என்று 1973 அக்டோபரில் கட்சி முடிவெடுத்தது. அதே ஆண்டு நாய்பிராண்டன்பர்கில் டபிள்யூ.பி.எஸ். 70 என்ற புதுப் பேனல் வகையின் முதல் கட்டடம் நின்றது. 1.20 மீட்டர் கட்டம், 6 மீட்டர் இடைவெளி, 2.80 மீட்டர் தள உயரம், பேனல் ஒன்றின் அதிக எடை 6.3 டன் என்று எல்லாமே முன்கூட்டித் தீர்மானிக்கப்பட்டவை. பெர்லினின் கிழக்கு விளிம்பில் மார்சான் 1977-இல் தொடங்கியது. 1980-களின் நடுவில் ஈழத்திலிருந்து ஓடி வந்த தமிழர்கள் பலர் கிழக்குப் பக்கத்து ஷோனஃபெல்ட் விமான நிலையத்தில் இறங்கி, ரயிலேறி மேற்கு பெர்லினுக்குள் போனார்கள். அதே ஆண்டுகளில்தான் அந்த விளிம்பில் ஹெல்லர்ஸ்டார்ஃப் எழுந்துகொண்டிருந்தது.

வீடு கிடைத்தவர்களின் சந்தோஷம் உண்மையானது. பழைய நகர வீடுகளில் நிலக்கரி அடுப்பும், படிக்கட்டுத் திருப்பத்தில் பொதுக் கழிப்பறையும். புது வீட்டில் குழாயைத் திறந்தால் வெந்நீர். வாடகை சதுர மீட்டருக்கு ஒன்று, இரண்டு மார்க்குக்குள்ளேயே இருந்தது. ஹெல்லர்ஸ்டார்ஃபில் ஒரு மூன்றறை வீட்டை 1986-இல் இருந்தபடியே அருங்காட்சியகமாக வைத்திருக்கிறார்கள். 61 சதுர மீட்டர், மாத வாடகை 109 மார்க். ஆனால் வீட்டை ஒதுக்குவது அரசு. யாருக்கு எப்போது என்று தீர்மானிப்பதும் அதுதான். அந்த ஒதுக்கீடு ஒரு பிடி, ஒரு அதிகாரம். அந்த வாடகையில் பராமரிப்புக்குப் பணம் மிஞ்சவில்லை. பழைய நகரங்கள் இடிந்து விழுந்துகொண்டிருக்க, திட்டக் கணக்கு மட்டும் ஏறியது. 1988-இல் முப்பது லட்சமாவது வீட்டுக்கு விழா எடுத்தார்கள். பழுதுபார்த்த வீடுகளும் அந்த எண்ணிக்கையில் சேர்ந்திருந்தன. கணக்கு எண்ணியது வீடுகளை. மூட்டுகளை யாரும் எண்ணவில்லை. அதனால்தான் இன்றும் முதலில் மூட்டைப் பார்க்கச் சொல்கிறோம்.

இந்தக் கட்டடங்களின் எலும்பு நல்ல எலும்பு. ‘சோவியத் பெட்டி, இடித்துத் தள்ளு’ என்று 1990-களில் பேசியவர்கள் பலரும் உள்சுவரைத் துளைத்துப் பார்க்காதவர்கள். குறுக்குச் சுவர்களின் கான்கிரீட் இன்றும் சாதாரண டிரில்லுக்கு இடம் கொடுக்காது. சுத்தியல் டிரில் இல்லாமல் ஒரு படம் மாட்ட முடியாது. பழுது வருவது வெளித்தோலிலும், பேனலும் பேனலும் சேரும் இடத்திலும், குழாயிலும், வயரிலும்.

முதலில் வெளித்தோல். அந்த 6 செ.மீ. ஓடு உள்சுவரிலிருந்து எஃகுக் கொக்கிகளில் தொங்குகிறது. 6 மீட்டர் நீளம், 2.80 மீட்டர் உயரப் பேனலில் ஜன்னலுக்கு 3 சதுர மீட்டரைக் கழித்தால் மீதி சுமார் 14 சதுர மீட்டர். அதன் ஓட்டின் எடை மட்டும் 2 டன். இதன் மேல் வெப்பக் காப்புப் பலகையும் பூச்சும் ஏற்றினால் சதுர மீட்டருக்கு இன்னும் 10 முதல் 30 கிலோ சேரும். கொக்கி பெரும்பாலும் துருப்பிடிக்காத எஃகுதான். அந்தப் ‘பெரும்பாலும்’ என்ற சொல்லை நம்பிச் சாரம் கட்டக் கூடாது. கட்டடத்தின் ஒவ்வொரு பக்கத்திலும், முக்கியமாக மழைக் காற்று அடிக்கும் மேற்குப் பக்கத்தில், சில இடங்களில் ஓட்டைத் திறந்து கொக்கியைக் கண்ணால் பார்க்க வேண்டும். கொக்கியின் விட்டம், எத்தனை, எங்கே என்று வரைபடத்தோடு ஒப்பிட வேண்டும். குறைந்தால், ஓட்டின் வழியாக உள்சுவருக்குள் கூடுதல் ஆங்கர் அடித்துக் கட்டிவிட்டுத்தான் அடுத்த வேலை.

திறந்த இடத்திலேயே இன்னொரு சோதனையும் செய்துவிடலாம். புதிதாக உடைத்த கான்கிரீட் முகத்தில் பினாஃப்தலீன் என்ற ரசாயனக் கரைசலைத் தெளித்தால், நல்ல கான்கிரீட் கத்தரிப்பூ நிறமாக மாறும். காற்றிலிருக்கும் கரியமில வாயு ஊறிக் காரம் போன பகுதி நிறம் மாறாமல் சாம்பலாகவே நிற்கும். அந்தச் சாம்பல் பட்டை எத்தனை மில்லிமீட்டர் என்று அளந்து, கவரோடு, அதாவது கம்பியை மூடியிருக்கும் கான்கிரீட்டின் தடிமனோடு, ஒப்பிடுங்கள். கவர் 20 மி.மீ., பட்டை 8 மி.மீ. என்றால் நிம்மதி. கவர் 10, பட்டை 12 என்றால் கம்பி துருப்பிடிக்கத் தொடங்கிவிட்டது என்று எடுத்துக்கொள்ள வேண்டும். வார்க்கும்போது கம்பிவலை நகர்ந்த பேனல்களில்தான் இது அதிகம். அதனால் ஒரே கட்டடத்தில் பக்கத்துப் பக்கத்துப் பேனல்கள் வேறு வேறு விதமாக இருக்கும். சராசரி போட்டு முடிவெடுக்காதீர்கள்.

இனி மூட்டு. 6 மீட்டர் ஓடு குளிர்காலத்துக்கும் கோடைக்கும் இடையே 60 டிகிரி வேறுபாட்டைச் சந்தித்தால் சுமார் 3.6 மி.மீ. நீண்டு சுருங்கும். நல்ல மூட்டுப் பசை தன் அகலத்தில் 25 சதவீதம் இழுபடும். ஆகவே மூட்டு 15 மி.மீ. அகலம் இருந்தால் கணக்கு சரி. பொருத்தும்போது கிரேன் கொஞ்சம் தள்ளி இறக்கி 8 மி.மீ. ஆகிவிட்ட மூட்டில் எந்த உயர்ந்த பசை போட்டாலும் இரண்டு குளிர்காலத்தில் கிழியும். அங்கே பசையைக் குறை சொல்லிப் பயனில்லை. ஓரத்தை வெட்டி அகலப்படுத்தலாம், அல்லது மேலே ஒட்டும் இழுபடும் பட்டைக்குப் போகலாம்.

பசை போடும்போது அடிக்கடி நடக்கும் தப்பு, பின்னால் நுரைக் கயிறு வைக்காமல் பசையை மூட்டுக்குள் திணிப்பது. அப்போது பசை இரண்டு பக்கமும் பின்புறமும் ஆக மூன்று முகத்தில் ஒட்டிக்கொள்ளும். இழுபட வழியின்றி நடுவில் கிழியும். மூட்டை விடக் கொஞ்சம் தடித்த பாலிஎத்திலீன் கயிற்றை அழுத்திச் செருகி, அகலத்தில் பாதி ஆழம் மட்டும் பசை நிற்கும்படி செய்ய வேண்டும். ஓரங்களுக்கு பிரைமர். சுவர் 5 டிகிரிக்குக் கீழே இருந்தால் வேலையை நிறுத்தி வையுங்கள். படுக்கை மூட்டில் மட்டும் கூடுதல் எச்சரிக்கை வேண்டும். கீழ்ப் பேனலின் மேல் விளிம்பில் நீரைத் திருப்பி வெளியேற்ற ஒரு கான்கிரீட் வரப்பு உண்டு. அது பல இடங்களில் பொருத்தும்போதே உடைந்திருக்கும். வெளியே மூட்டை முழுக்க அடைத்துவிட்டால், உள்ளே புகுந்த நீர் வெளியேற வழியின்றி அறைக்குள் இறங்கும்.

பழைய மூட்டைச் சுரண்டும் முன் ஒன்று. மோரினால் என்ற பெயரில் அங்கே பயன்பட்ட மூட்டு மக்கில் (புட்டியில்) ஆஸ்பெஸ்டாஸ் உண்டு. பார்த்தால் சாதாரணச் சாம்பல் நிற மக்குதான். கையில் நசுக்கிப் பார்த்து யாராலும் சொல்ல முடியாது. மாதிரி எடுத்து ஆய்வகத்துக்கு அனுப்பாமல் கிரைண்டரை இயக்கக் கூடாது. சோக்காலிட் பலகைகளும் அப்படித்தான். குழாய்கள் தளம் தளமாக ஏறும் செங்குத்துத் தண்டை மூடியிருக்கும் மெல்லிய பலகை அதுவாக இருக்கலாம், அதில் நார் தளர்வாகக் கட்டுண்டிருப்பதால் உடைத்தாலே காற்றில் பறக்கும். பழைய காற்றுக் குழாய்கள் ஆஸ்பெஸ்டாஸ் சிமென்ட். இவை எல்லாமே அனுமதி பெற்ற குழு, தனிக்கூடாரம், எதிர்மறை அழுத்தம், ஈரப்படுத்தி எடுத்தல் என்ற விதிமுறைக்குள் வரும். ஒரு நாள் மிச்சம் பிடிக்கலாம் என்று வறண்ட மக்கைச் சுரண்டிய தொழிலாளிக்கு முப்பது ஆண்டு கழித்து நுரையீரல் பதில் சொல்லும். இதில் மட்டும் எந்தச் சமரசமும் கூடாது.

காப்புப் பலகைக்கு வருவோம். மூன்றடுக்குப் பேனலின் வெப்பக் கசிவு சதுர மீட்டருக்கு, டிகிரிக்கு சுமார் 0.85 வாட் என்று வைத்துக்கொண்டு கணக்குப் போட்டால், 10 செ.மீ. சாதாரணக் காப்பில் அது 0.25-க்கு வரும். 12 செ.மீ.யில் 0.22. 14 செ.மீ.யில் 0.19. ஜெர்மன் சட்டம் கேட்கும் எல்லை 0.24. ஆக 12 போதும், 14 நல்லது. அதற்கு மேல் ஒவ்வொரு செ.மீ.க்கும் கிடைப்பது குறைந்துகொண்டே போகும், ஜன்னல் மட்டும் குகைக்குள் போன மாதிரி ஆகும். 1990-களில் 6, 8 செ.மீ. போட்டு முடித்த கட்டடங்கள் ஏராளம். அவற்றின் மேலேயே இரண்டாவது அடுக்கு ஏற்றலாம், ஆனால் முதல் அடுக்கின் பிடிமானத்தைச் சோதித்த பிறகு.

பலகையைப் பிடிக்கும் பிளாஸ்டிக் உறை ஆணி (டவல்) எங்கே நிற்கிறது என்பது முக்கியம். முன்னால் இருப்பது 6 செ.மீ. ஓடுதான். சுத்தியல் டிரில்லால் முழு வேகத்தில் துளைத்தால் ஓட்டின் பின்பக்கம் கூம்பாகப் பெயர்ந்துவிடும். ஆணி பழைய தெர்மோகோலில் போய் நின்று சும்மா சுழலும். ஆழக் கட்டுப்பாடு வைத்து, அடியில்லாமல் சுழற்றித் துளைத்து, அங்கேயே இழுவிசைச் சோதனை செய்ய வேண்டும். பலகையின் சேர்க்கை பேனல் மூட்டின் மேல் விழக் கூடாது. குறைந்தது 10 செ.மீ. தள்ளியிருக்க வேண்டும். இல்லையென்றால் மூட்டின் கோடு பூச்சில் அப்படியே விரிசலாகத் தெரியும். 22 மீட்டருக்கு மேற்பட்ட உயரக் கட்டடமாக வகைப்படுத்தப்பட்டால் எரியாத கனிமக் கம்பளி மட்டும்தான். 11 தளக் கட்டடங்கள் இதில் சிக்கும். தாழ்ந்தவற்றில் தெர்மோகோல் போட்டாலும் நெருப்பு ஏறாமல் தடுக்க இடையிடையே கனிமக் கம்பளிப் பட்டை போட வேண்டும்.

அத்தனை சொன்ன பிறகும், சீரமைப்பில் மிக அதிகமான வீடுகளைக் கெடுத்தது வேலைகளின் வரிசைதான்.

1990-களில் பணம் கொஞ்சமாக வந்தது. எது கண்ணுக்குத் தெரியுமோ அதை முதலில் செய்தார்கள். பழைய இரட்டை மரச்சட்ட ஜன்னலை எடுத்துவிட்டு, ரப்பர் விளிம்பு வைத்த பிளாஸ்டிக் ஜன்னல். சுவரை அடுத்த தவணைக்குத் தள்ளினார்கள். பழைய ஜன்னல் கசிந்துகொண்டிருந்ததே வீட்டின் காற்றோட்டம் என்பது அப்போது யாருக்கும் உறைக்கவில்லை. நான்கு பேர் உள்ள வீட்டில் சமையல், குளியல், துவைத்த துணி, மூச்சு என்று ஒரு நாளைக்கு 10 லிட்டர் அளவுக்குத் தண்ணீர் காற்றில் கலக்கிறது. அது போக இடமில்லை. அறை 20 டிகிரி, ஈரப்பதம் 50 சதவீதம் என்றால், 9.3 டிகிரிக் குளிருள்ள பரப்பில் நீர் முத்து முத்தாகப் பனிக்கும். பூஞ்சைக்கு அதுவரை போக வேண்டியதில்லை. பரப்பு 12.6 டிகிரிக்குக் கீழே இறங்கினாலே போதும், அங்கே ஒட்டிய காற்றின் ஈரப்பதம் 80 சதவீதம் ஆகிவிடும். பேனல் மூட்டின் உள்மூலை, மேல்தளத்தின் கூரை மூலை, அலமாரியின் பின்பக்கம். கறுப்புப் புள்ளிகள் முதலில் இந்த மூன்று இடத்தில்தான் வரும்.

குடியிருப்பவர் சரியாக ஜன்னலைத் திறப்பதில்லை என்று எழுதி அனுப்புவது பல நிர்வாகங்களின் வழக்கம். அது அநியாயம். வீட்டை மூடியது ஜன்னல் மாற்றியவர்கள், மூலையைக் குளிராக விட்டதும் அவர்கள்தான். சரியான வரிசை இது: மூட்டும் ஓடும் முதலில். அடுத்து சுவர்க் காப்பும் ஜன்னலும் ஒரே சாரத்தில். கூடவே காற்றோட்டம். ஜன்னலைத் தனியாக மாற்றியே தீர வேண்டிய நிலை என்றால் இரண்டு விஷயங்களை விட்டுவிடாதீர்கள். சட்டத்தைப் பக்கவாட்டில் அகலமாக எடுத்து, பின்னாளில் ஜன்னல் பக்கச் சுவரில் 3 செ.மீ. காப்பு ஒட்ட இடம் விடுங்கள். சட்டத்தில் ஈரத்துக்கேற்பத் திறக்கும் காற்றுத் துளையும் வையுங்கள். பி2 வகையில் குளியலறையும் சமையலறையும் வீட்டின் நடுவில் ஜன்னலில்லாமல் இருக்கும். அங்கே தண்டு வழிக் காற்று தானாக மேலேறும் என்று நம்பியிருந்தார்கள். ஜன்னல்கள் இறுக்கமானதும் அது மேலேறாது. சில நாட்களில் மேல் வீட்டு மீன் குழம்பு மணம் கீழ் வீட்டுக்கு வரும். மணிக்கு 40 கன மீட்டர் இழுக்கும் மின்விசிறியும், பின்னோட்டம் தடுக்கும் மூடியும் வைத்தால் அடங்கும்.

இன்று இந்த வீடுகளில் வாடகைக்கு இருப்பவர்களுக்கும் இதில் எடுத்துக்கொள்ள ஒன்று உண்டு. வெளிச்சுவரை ஒட்டி அலமாரி வைக்காதீர்கள். வைத்தே ஆக வேண்டுமென்றால் 5 முதல் 10 செ.மீ. இடைவெளி விடுங்கள்.

வெப்பமூட்டல் ஒரு தனிக்கதை. தூர வெப்ப நிலையத்திலிருந்து வரும் வெந்நீர் மேலிருந்து கீழாக ஒரே குழாயில் இறங்கி, ஒவ்வொரு வீட்டின் ரேடியேட்டர் வழியாகவும் போகும். வீட்டுக்காரர் கூட்டக் குறைக்க வழியில்லை. வெப்பம் அதிகமானால் ஜன்னலைத் திறப்பதுதான் ஒரே வால்வு. வாடகையிலேயே வெப்பம் அடங்கியிருந்ததால் யாரும் கவலைப்படவும் இல்லை. பிறகு பைபாஸ் குழாயும் தெர்மோஸ்டாட் வால்வும் போட்டு, ரேடியேட்டரில் வெப்பக் கணக்குக் கருவியும் ஒட்டினார்கள். சுவருக்குக் காப்புப் போட்டதும் ஒரு புதுச் சிக்கல் முளைத்தது. இப்போது வீட்டுக்குத் தேவையான வெப்பம் குறைவு. அதில் பெரும்பகுதியை அறையின் மூலையில் நிற்கும் மூடாத குழாயே தந்துவிடுகிறது. ரேடியேட்டர் மூடியே இருக்கிறது, கருவி பூஜ்யம் காட்டுகிறது, வீடு சூடாக இருக்கிறது. குழாயிலிருந்து தள்ளியுள்ள வீட்டில் ரேடியேட்டரைத் திறந்தவர் மொத்தக் கட்டடத்தின் செலவில் அளவுக்கு மீறிய பங்கைச் சுமக்கிறார். ஜெர்மன் பொறியாளர் சங்கத்தின் வி.டி.ஐ. 2077 விதிமுறை இந்தக் குழாய் வெப்பத்தைக் கணக்கில் சேர்க்கும் முறையைத் தருகிறது. அது கணக்கைத்தான் சரிசெய்யும். கட்டடத்தைச் சரிசெய்வது இரண்டு குழாய் முறை, அல்லது குறைந்தபட்சம் குழாய்க்குக் காப்புறையும், நீரின் வெப்பத்தைக் குறைத்து ஓட்டத்தைச் சமன்படுத்துவதும். காப்புப் போட்ட அதே ஆண்டில் இதைச் செய்யாமல் விட்ட கட்டடங்களில் எதிர்பார்த்த சேமிப்பில் ஒரு பகுதி திறந்த ஜன்னல் வழியாகவே போயிருக்கிறது.

வயரிங் அலுமினியம். இரண்டு கம்பி மட்டும், தனி எர்த் கிடையாது. அலுமினியம் திருகின் அழுத்தத்தில் மெல்லத் தளரும், வளைத்தால் முறியும், செம்போடு நேரடியாகச் சேர்த்தால் அரிக்கும். ஒரு சாக்கெட்டை மட்டும் மாற்றப் போனவர் பெட்டிக்குள் கம்பி முறிந்து, இழுக்க இழுக்கச் சுவருக்குள் ஓடிப்போவதைப் பார்த்து நிற்பது இந்த வீடுகளில் சகஜம். மின்கசிவுப் பாதுகாப்பு சுவிட்ச் இந்த இரண்டு கம்பி அமைப்பில் வேலை செய்யாது. முழுதாக மூன்று கம்பிச் செம்புக்கு மாற்றுவதே நேர்மையான வழி. சுவரில் கால்வாய் வெட்டக் கூடாது. 15 செ.மீ. பாரச் சுவரை நீளவாக்கில் கீறுவது அதன் வலுவைத் தின்னும். சுவரடிப் பட்டைக்குள்ளும் கதவுச் சட்டத்தின் பின்னாலும் வயரை ஓட்டுங்கள்.

இரண்டு அறையை ஒன்றாக்க விரும்புகிறவர்களும் உண்டு. பாரச் சுவரில் வாசல் திறக்க வேண்டுமென்றால் பொறியாளர் கணக்கு, கட்டட அனுமதி, மேலும் கீழும் முட்டுக் கொடுத்தல், நான்கு மூலையிலும் முதலில் வட்டக் கோர், பிறகு வைர ரம்பத்தில் கோட்டை வெட்டுவது, எஃகுச் சட்டம், சட்டத்துக்கும் கான்கிரீட்டுக்கும் இடையே சுருங்காத நிரப்புக் கலவை (கிரவுட்). மூலைக் கோர் எடுக்காமல் ரம்பம் மூலையைத் தாண்டி வெட்டிவிட்டால், அந்தக் கீறலிலிருந்துதான் விரிசல் புறப்படும். ஒரே நிரையில் ஒவ்வொரு தளத்திலும் வாசல் திறப்பதையும், ஒரு தளத்தில் மட்டும் திறப்பதையும் ஒரே கணக்கில் போடக் கூடாது.

குடிநீர், கழிவுநீர்த் தண்டுகளை ஒரே நிரை வீடுகளில் மேலிருந்து கீழ்வரை ஒன்றாக மாற்ற வேண்டும். ஒரு வீட்டுக்காரர் மறுத்தால் அந்த நிரையே நிற்கும். அதனால் வேலைக்கு மாதங்களுக்கு முன்பே ஒவ்வொரு வீட்டுக் கதவையும் தட்டிப் பேசுவது குழாய்க்காரரின் வேலையில் ஒரு பகுதி. மாற்றுக் கழிப்பறையும் குளியலறையும் முற்றத்தில் தயாராகும் வரை தண்ணீரை நிறுத்தக் கூடாது. பாதிக் குழாயை மட்டும் செம்பாக மாற்றுவதானால், ஓட்டத்தின் திசையில் துத்தநாகம் பூசிய இரும்பு முன்னாலும் செம்பு பின்னாலும் வர வேண்டும். தலைகீழாகப் போட்டால் செம்பிலிருந்து கரைந்து வருவது இரும்பை ஓட்டை போடும். தண்டு தளத்தைக் கடக்கும் ஒவ்வொரு ஓட்டையையும் கலவையிட்டு அடைத்து, பிளாஸ்டிக் குழாய்க்குத் தீத்தடுப்புக் காலர் போடுங்கள். பழைய கட்டடத்தில் பல இடங்களில் இது திறந்தே கிடக்கும். சத்தம், நாற்றம், புகை மூன்றுக்கும் அதுவே பாதை.

கூரை எளிது. டபிள்யூ.பி.எஸ். 70-இல் மேல்தளத்துக்கும் கூரைக்கும் இடையே தவழ்ந்து போகும் உயரத்தில் ஒரு வெற்றிடம் இருக்கும். அதில் 20 முதல் 24 செ.மீ. காப்புத் துகளை ஊதி நிரப்புவதுதான் மொத்த வேலையிலும் மலிவானது. மழைநீர்க் குழாய் அந்த வெற்றிடத்தின் வழியாகவே உள்ளே இறங்குகிறது என்பதை மட்டும் மறக்கக் கூடாது. காப்புக்குப் பிறகு அந்த இடம் இன்னும் குளிரும். குழாயைச் சுற்றிக் கட்டாவிட்டால் உறையும், அல்லது வெளிப்பக்கம் பனித்துக் கீழே சொட்டும்.

லிஃப்டுக்கு வந்தால், 5 தளக் கட்டடங்களில் அது கிடையாது. அன்று குழந்தையோடு குடிவந்த இளம் தம்பதிகளுக்கு இன்று எண்பது வயது. வெளியே கண்ணாடித் தண்டு ஒட்டி லிஃப்ட் வைக்கும்போது அது படிக்கட்டுத் திருப்பத்தில்தான் நிற்கும். தள உயரம் 2.80 மீட்டர், 17.5 செ.மீ. படி 16. ஆக லிஃப்டிலிருந்து இறங்கியவர் இன்னும் 8 படி ஏற வேண்டும். முழங்கால் வலிக்குச் சற்று நிம்மதி, சக்கர நாற்காலிக்கு ஒன்றுமில்லை. படிக்கட்டையே எடுத்துவிட்டு நேர்ப்படியாக வைத்துத் தளமட்டத்தில் நிறுத்துவதோ, வெளித்தாழ்வாரம் கட்டுவதோ செலவு அதிகம். செய்தால் அதைத்தான் செய்ய வேண்டும்.

காலி வீடுகளின் காலம் ஒன்று இருந்தது. 1990-க்குப் பிறகு ஆலைகள் மூடின, இளைஞர்கள் மேற்கே போனார்கள். வீட்டு நிறுவனங்களின் தலையில் பழைய ஆட்சிக் காலத்துக் கடன் வேறு. 2000 வாக்கில் கிழக்கில் சுமார் 10 லட்சம் வீடுகள் காலி. 2002-இல் தொடங்கிய கிழக்கு நகரச் சீரமைப்புத் திட்டம் 3.5 லட்சம் வீடுகளை இடிக்க இலக்கு வைத்தது. இதில் கற்ற பாடம் குழாயிலிருந்து வந்தது. தூர வெப்பக் குழாய் ஊரின் நடுவிலிருந்து விளிம்புக்குப் போகிறது. நடுவில் இடித்து விளிம்பை விட்டால், அதே நீளக் குழாயின் செலவைக் குறைந்த வீடுகள் சுமக்கும். விளிம்பிலிருந்து உள்ளே வர வேண்டும்.

லைனஃபெல்டே அதை முன்கூட்டி யோசித்த ஊர். பருத்தி நூற்பாலைக்காக வளர்ந்து, ஆலை போனதும் வெறிச்சோடியது. எந்தப் பகுதி நிற்கும், எது போகும் என்று முதலிலேயே திட்டம் போட்டு மக்களிடம் சொன்னார்கள். கட்டடக் கலைஞர் ஸ்டெஃபான் ஃபோர்ஸ்டர் அங்கே 180 மீட்டர் நீளக் கட்டடம் ஒன்றை இடையிடையே அறுத்து எடுத்து, 8 தனிக் கட்டடங்களாக நிறுத்தினார். மார்சானின் அஹ்ரன்ஸ்ஃபெல்டர் டெராசனில் 2003 முதல் 2005 வரை 11 தளங்கள் 3 முதல் 6 வரை குறைக்கப்பட்டன. 1,670 வீடுகள் இருந்த இடத்தில் 450-க்கும் குறைவாக மிஞ்சின. படியடுக்கு போன்ற மாடித்தோட்டங்களோடு பார்க்க அழகாக இருக்கிறது. இன்று பெர்லினில் வீட்டுக்கு ஆலாய்ப் பறக்கிறார்கள். நல்ல எலும்புள்ள வீடுகளைச் சில இடங்களில் அவசரப்பட்டு இறக்கிவிட்டார்கள் என்பதே எங்கள் கருத்து.

மேல்தளங்களை இறக்குவது கட்டியதைப் பின்னோக்கி ஓட்டுவது போன்றது. கூரைப் பேனல், வெளிச்சுவர், உள்சுவர், தளம். மூட்டுக் கான்கிரீட்டை உடைத்து, பற்றவைத்த இணைப்புக் கம்பியை அறுத்து, கிரேனில் தூக்க வேண்டும். பேனலின் தலையில் அன்று தூக்கிய வளையங்கள் இன்னும் தெரியும். அவற்றில் கொக்கியை மாட்டிவிடாதீர்கள். நாற்பது ஆண்டு கான்கிரீட்டுக்குள் அவை எப்படி இருக்கின்றன என்று வெளியிலிருந்து சொல்ல முடியாது. புதிதாகத் துளைத்து ஆங்கர் வையுங்கள். எடையைக் கணக்கிட்ட பின் அதோடு மூட்டில் ஒட்டி வரும் கலவையையும் சேருங்கள். எடுத்த தளத்தின் கீழ்த்தளம் அன்றைக்கே கூரை ஆகிவிடுகிறது. மாலைக்குள் தற்காலிக நீர்த்தடுப்பு விரித்தாக வேண்டும். அதன் கீழே ஆள் குடியிருந்தால் இன்னும் கவனம்.

சுவரை மூடும் முன் சுவரில் என்ன இருக்கிறது என்றும் பாருங்கள். ஸ்பெயினில் பிறந்து கிழக்கு ஜெர்மனியில் வாழ்ந்த ஓவியர் யோசெப் ரெனாவ், ஹாலே நாய்ஷ்டட்டின் கட்டடங்களில் பீங்கான் ஓட்டில் பெரும் சுவரோவியங்கள் செய்திருக்கிறார். எர்ஃபுர்ட்டில் இருந்த அவருடைய ஓவியம் ஒன்று கழற்றி வைக்கப்பட்டு, 2019-இல் மீண்டும் நின்றது. இவை ஆட்சியின் கொள்கையைப் பாடியவைதான். அதனாலேயே காப்புப் பலகைக்குள் புதைக்கலாம் என்று ஆகாது.

இறக்கிய பேனலை நொறுக்கிச் சாலைக்குப் போடுவதுதான் வழக்கமாக இருந்தது. காட்பூஸ் பல்கலைக்கழகத்தில் ஆங்கெலிக்கா மெட்கே பேனலை முழுதாக மறுபடி பயன்படுத்தும் ஆராய்ச்சியைப் பல ஆண்டுகளாக நடத்தியிருக்கிறார். மார்சானை அடுத்த மேரோ என்ற கிராமத்தில் 2005-இல் பழைய பேனல்களாலேயே ஒரு வீடு கட்டினார்கள். அப்படிச் செய்ய எண்ணினால் முடிவு கிரேன் வருவதற்கு முன்பே ஆக வேண்டும். எடுத்துப் போகும் இடம், அடுக்கும் இடம், வாங்குபவர் மூன்றும் தெரிந்திருக்க வேண்டும். ஒவ்வொரு பேனலின் உள்முகத்திலும் கட்டட எண், தளம், நிரை, எந்தப் பக்கம் மேல் என்பதை எண்ணெய் பெயின்டில் எழுதுங்கள். சுண்ணக்கட்டியில் எழுதியது முதல் மழையிலேயே போய்விடும். நின்ற நிலையில் இருந்த சுவர்ப் பேனலை நின்ற நிலையிலேயே சட்டத்தில் சாய்த்து வையுங்கள், தளப் பேனலைப் படுக்க வைத்து, முன்பு அது சுவரில் அமர்ந்திருந்த அதே இரண்டு விளிம்புகளுக்குக் கீழே மட்டும் மரக்கட்டை கொடுங்கள். நடுவில் கட்டை வைத்தால் முன்னழுத்தக் கம்பி உள்ள தளப் பேனல் மேல்முகத்தில் வெடித்துவிடும்.